பின் சீட்டில் சன்னாசி

சட்டிப்பள்ளத்துக்குள் போவதற்கும் ஒரே வழி, வெளியே வருவதற்கும் அதே வழி. போகும்போது அது இறக்கம், வரும்போது ஏற்றம், அந்த ஏற்றத்துக்கு நாக்குத்தள்ளி மேடு என்று பெயர் வைத்தவர்கள் கேலிக்காக வைக்கவில்லை, ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்கள். மேட்டின் உச்சியில் தார்ச்சாலை இருந்தது, தார்ச்சாலையில் பஸ் ஓடியது, பஸ் போகிற இடங்களில்தான் ஆஸ்பத்திரியும் சந்தையும் கல்யாண மண்டபமும் கோர்ட்டும் இருந்தன. ஆகவே அந்த ஊரில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் மேடு ஏற வேண்டும். அந்த ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஒருவர், தன் தாயைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி அந்த மேட்டில் தூக்கிப்போனதை மறக்க முடியாமல், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, ஊருக்கு என்று சொல்லி, சாவடிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஊர்க் காருக்கு ஊர் ஒரு நியாயம் வைத்திருந்தது. காரில் போக வேண்டியவர் தன் பயணத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவைப் பாட்டிலில் வாங்கிவந்து தானே ஊற்ற வேண்டும்; போய்த் திரும்பிய பிறகு டேங்கில் ஏதாவது மிஞ்சியிருந்தால், ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி, மிச்சத்தைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஒருவர் ஊற்றிய சொட்டில் இன்னொருவர் சவாரி செய்யக் கூடாது, அவ்வளவுதான். டிரைவர் குபேந்திரன் நீளமான தென்னங்குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்து, நுனியில் ஈரம் இல்லை என்று சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டிய பிறகுதான் அடுத்தவர் தன் பாட்டிலின் மூடியைத் திறப்பார். குச்சி காய்ந்து வெளியே வருவதைப் பார்க்கும்போது எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி வந்து உட்காரும். பக்கத்து ஊர்களில் கோவில் உண்டியலுக்கே மண்டைகள் உடைந்துகொண்டிருந்தபோது, சட்டிப்பள்ளத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலுக்குக்கூடச் சண்டை வந்ததில்லை என்று ஊர்த் தலைவர் காசிமாயன் போகிற இடமெல்லாம் சொல்வார், அதில் பொய் ஏதும் இல்லை.

அந்தக் காருக்குத்தான் ஒரு கோடையில் மூச்சு வாங்கத் தொடங்கியது. சமதளத்தில் ஒழுங்காக ஓடியது, இறக்கத்தில் பறந்தது, மேட்டில் பாதி ஏறியதும் இழுவை குறைந்து, விக்கலெடுத்து, நின்றது. சற்று நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பியது. மேட்டுக்கு மேலே, சாலையோரத் தகரக் கொட்டகையில் கார்களைப் பழுது பார்த்துவந்த தாவீது என்பவரிடம் குபேந்திரன் அதைக் கொண்டுபோனான்.

“மேட்டுல பாதி ஏறுனதும் படுத்துக்கிடுதுண்ணே. ஒரு பீடி குடிச்சு முடிச்சா எந்திரிச்சிருது.”

“அப்ப பீடிதான் அதுக்கு மருந்து. கட்டு வாங்கி வச்சுக்க, போ” என்றார் தாவீது.

தாவீது கெட்டிக்காரர், ஆனால் எதையும் பார்ப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரர். முதலில் பெட்ரோலில் கலப்படம் என்றார். பிறகு பெட்ரோலை வடிகட்டுகிற ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அதை மாற்றினார். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, தேய்ந்துபோச்சு என்று புதிது போட்டார். ஒவ்வொரு முறையும் கார் சந்தோஷமாக இறங்கிப் போனது, ஒவ்வொரு முறையும் மேட்டில் பாதியில் நின்றது. கடைசியாக ஒரு நாள் சாவடிக்கு முன்னாலேயே, சாவியை எத்தனை முறை திருப்பினாலும் இன்ஜின் சுற்றிச் சுற்றிப் பார்த்ததே தவிரப் பற்றிக்கொள்ளாமல், அசையாமல் நின்றுவிட்டது. தாவீது தன் பைகளோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார், ஊரே சுற்றி நின்றது.

இந்த மாதிரிக் கார்களில் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கும், அந்த டேங்குக்குள்ளேயே ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற பம்ப் ஒன்று, கிணற்றுக்குள் இருக்கும் ஆமையைப்போல முங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் கண் விழிப்பதற்கு முன்பே, அது ‘ம்ம்ம்’ என்று மெல்ல முனகி, பெட்ரோலை உறிஞ்சி முன்னால் அனுப்பி வைக்கும். அந்த முனகலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது கேட்கவே கேட்காது, நின்றுபோனால்தான் தெரியும். தாவீது பின் சீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, குப்புறப் படுத்து, டேங்கின் மேல் காதை வைத்து, “சாவியைப் போடு” என்றார். குபேந்திரன் போட்டான். சத்தம் இல்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பம்புக்கு வருகிற வயரில் சின்ன பல்பை வைத்துப் பார்த்தார், பல்பு எரிந்தது. காருக்கு அடியில் புகுந்து ரப்பர் சுத்தியலால் டேங்கின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். ‘ம்’ என்று ஒரு குரல் வந்தது, தூக்கத்தில் கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்வதைப்போல. பிறகு அதுவும் அடங்கியது.

“ஊசியைப் பாருங்க” என்று, பெட்ரோல் குழாயில் மாட்டிய வட்டமான பிரஷர் மீட்டரைக் காட்டினார். ஊசி கொஞ்சம் எழுந்து, தயங்கி, விழுந்தது. “கரண்டு வருது, இது எடுக்கல. பம்பு போச்சு. நான் மொதல்லயே நெனச்சேன்.”

அவர் முதலில் என்ன நினைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். தாவீது பம்பைக் கழற்றி வெளியே எடுத்தார். கருகிப்போன வாடை அடித்தது.

“இதைக் குளிர வைக்கிறதே பெட்ரோல்தான்யா. முங்கிக் கெடந்தாத்தான் இதுக்கு உசுரு. நீங்க ஒவ்வொரு தடவையும் ஒட்ட உறிஞ்சிட்டுப் போனா, வெறும் வயித்தோட சுத்திச் சுத்தி வெந்துபோகாம என்ன செய்யும்?”

கூட்டத்தில் நின்ற சன்னாசி, “மணல் இல்லாத சட்டியில கடலை வறுத்த கதை” என்று சிரித்தார். சன்னாசி வறுகடலை விற்பவர். ஐம்பது வயது தாண்டிய, யாரும் எதற்கும் ஆலோசனை கேட்காத, கேட்காததை ஒரு குறையாகவும் நினைக்காத மனிதர்.

“புதுசு போடுங்க. ஆனா ஒண்ணு, எப்பவும் கால் டேங்க் கெடக்கணும். இல்லைன்னா அதுவும் கருகும்” என்றார் தாவீது.

தலைவர் காசிமாயன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகக் கேட்டார்: “அந்தக் கால் டேங்க் யாரோடது?”

அது கார் சம்பந்தமான கேள்வி அல்ல. அன்று சாவடியில் கூட்டம் போட்டார்கள், அடிக்கடி போகிறவர்தான் அதிகம் போட வேண்டும் என்று போகாதவர்கள் சொன்னார்கள், கார் எல்லோருக்கும் பொது என்று போகிறவர்கள் சொன்னார்கள், தன் பெட்ரோலைத் தான் உறிஞ்சியதில் என்ன தப்பு என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். தாவீது கருகிய பம்பையே திரும்ப டேங்கில் மாட்டி மூடிவிட்டு, புதிதை வாங்கியதும் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கார் அங்கேயே நின்று, அதன் மேல் வேப்பம்பூ உதிர்ந்தது.

வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில், கடலை வியாபாரம் முடித்துவந்த சன்னாசி, நிழலுக்காகக் காரின் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். முன் சீட்டில் ஏற்கெனவே சாய்ந்துகிடந்த குபேந்திரன் பாட்டுக் கேட்கலாமென்று சாவியைத் திருப்பினான். ‘ம்ம்ம்’ என்று பின்னாலிருந்து முனகல் எழுந்தது. குபேந்திரன் இன்னும் கொஞ்சம் திருப்பினான், கூட்டத்து அமளியில் யாரோ உறிஞ்ச மறந்திருந்த பெட்ரோலில் கார் கிளம்பிவிட்டது. சன்னாசி பயந்து இறங்கினார், கார் நின்றது. ஏறினார், கிளம்பியது. “என்னண்ணே, வயித்துல ஏதும் ஒட்டி வச்சிருக்கியா?” என்றான் குபேந்திரன். “காலையில கம்பங்கூழு குடிச்சேன், வேற ஒண்ணுமில்லப்பா” என்றார் சன்னாசி.

ஊர் இதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. அவர் எடைக்கு அரிசி மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள், மூட்டை சும்மா இருந்தது. அவருடைய அண்ணனை உட்கார வைத்தார்கள், அண்ணனும் மூட்டையைப்போலவே இருந்தார். சன்னாசியின் சட்டையைக் கழற்றிச் சீட்டில் விரித்துப் பார்த்தார்கள். பூசாரி திருநீறு போட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், மனித உடம்பில் மின்சாரம் உண்டு என்று தொடங்கி நெடுநேரம் பேசி, ஆகவே இது நடக்கக்கூடியதுதான் என்று முடித்தார். நடந்துகொண்டிருப்பதை நடக்கக்கூடியது என்று படித்தவர் சொன்னதில் எல்லோருக்கும் ஆறுதல். தாவீது மறுபடி இறங்கி வந்து மீட்டரை மாட்டினார். சன்னாசி உட்கார்ந்ததும் ஊசி விறுவிறுவென்று ஏறி, வேண்டிய இடத்தில் போய், ஆடாமல் நின்றது. பிறகு தாவீது சன்னாசியின் முதுகில் காதை வைத்தார். விலா எலும்புகளுக்கு உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

“கம்பெனி பம்பே இப்படிக் குடுக்காது” என்றார் தாவீது. “அப்புறம் எதுக்குய்யா புதுசு?”

ஊரும் அதையேதான் நினைத்தது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களோடு சன்னாசி ஆஸ்பத்திரிக்குப் போனார், சந்தைக்குப் போனவர்களோடு சந்தைக்குப் போனார், பெண் பார்க்கப் போனவர்களோடு பெண் பார்க்கப் போய், உள்ளே பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காரில் இருந்தார். இறங்கி எங்காவது போய்விட்டால் அவசரத்துக்குத் தேட முடியாது என்பதால், இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நியாயமான ஊராதலால் அவரைச் சும்மா கூட்டிக்கொண்டு போகவில்லை. கிட்டப் பயணத்துக்கு ஒரு டீ, தூரப் பயணத்துக்கு டீயும் வடையும் என்று பேசி வைத்திருந்தார்கள். அவரவர் பயணத்துக்கு அவரவர் கொடுத்தார்கள், குறையாமல் கொடுத்தார்கள், கூடவும் கொடுக்கவில்லை. சந்தைக்கு என்று கிளம்பிய ஒருவர், சந்தை இல்லை என்று பாதி வழியில் தெரிந்து திரும்பியபோது, வடையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைத் தன் மடியில் முடிந்துகொண்டார். அதைப் பார்த்த யாருக்கும் அது தவறாகப் படவில்லை, சன்னாசிக்கும்கூடப் படவில்லை.

அவருக்கு அந்த நாட்களில் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. விடிந்ததும் வாசலில் ஆள் வந்து நிற்கும். “அண்ணே, இன்னைக்கு நீங்க இல்லாம முடியாது” என்பார்கள். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார். கடலைச் சட்டியையும் மணலையும் மனைவி வேலுத்தாய் எடுத்துக்கொண்டாள். அவள் வறுத்து, அவளே மேட்டில் ஏற்றிப்போய் பஸ் நிற்கும் இடத்தில் விற்றாள். அவள் வியர்த்து ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கார் ஏறிப்போகும், பின் சீட்டிலிருந்து சன்னாசி கை காட்டுவார். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஐப்பசி மழை விட்டபோது, கை காட்டுகிற கை மெலிந்திருப்பதை அவள் பார்த்தாள்.

அவர் வீட்டில் சாப்பிடுகிற வேளை குறைந்துவிட்டது, ஏனென்றால் வீட்டில் இருக்கிற வேளை குறைந்துவிட்டது. அவள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தாள். காரில் சோற்று வாடை அடிக்கிறது என்று அதை டிக்கியில் வைத்தார்கள், டிக்கியைத் திறக்க யாருக்கும் நினைவு வரவில்லை. வந்து படுத்ததும் தூங்கிப்போகிறவரின் நெஞ்சில் அவள் தலையை வைப்பாள். அந்த ‘ம்ம்ம்’ முன்பு சுவருக்கு அப்பால் மாவு மில் ஓடுவதுபோல ஆழமாகக் கேட்டது. இப்போது அது மெலிந்து, உயர்ந்து, காதோரக் கொசுவைப்போல ‘ங்ங்ங்’ என்றது.

“ஒரு வாரம் வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள்.

“நான் இல்லாட்டி ஊரு நகராதே வேலுத்தாயி.”

“ஊரு நகரலன்னா நகரட்டும். நீங்க நகரணும்ல எனக்கு?”

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். வாசலில் ஆள் நின்றது.

மேட்டில் அவர் திணறுவதைக் குபேந்திரனும் கவனித்தான். பாதி ஏற்றத்தில் முனகல் அறுந்து அறுந்து வரும், கார் விக்கலெடுக்கும். அப்போது அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையைப் பின்னால் நீட்டி, சன்னாசியின் தோளில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுவான். ‘ம்ம்’ என்று அவர் எடுத்துக்கொள்வார். பிறகு, டிரைவரே எத்தனை வேலை செய்வது என்று, பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்தத் தட்டுகிற வேலையை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் கோபத்தில் தட்டவில்லை. குழந்தைக்குப் புரையேறினால் தட்டுவதுபோலத்தான் தட்டினார்கள், கொஞ்சம் பலமாக.

வேலுத்தாய் ஒரு நாள் கடலைக்கூடையைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கி வைத்துவிட்டு, வழியில் போய்க்கொண்டிருந்த ஊர்க் காரை மறித்து நிறுத்தி, சன்னாசியைக் கையைப் பிடித்து இறக்கி, தாவீதின் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். காரில் இருந்தவர்கள் நேரமாகிறது என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

“டேங்குல காது வச்ச மாதிரி இவர்கிட்டயும் வச்சுப் பாருங்கண்ணே.”

தாவீது வைத்துப் பார்த்தார். இந்த முறை பார்த்த பிறகும் உடனே பேசவில்லை. சட்டையை விலக்கி, முதுகில் கன்றிப்போயிருந்த இடங்களைப் பார்த்தார். பிறகு கையை எண்ணெய்த் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“விசில் அடிக்குது தங்கச்சி. இது வெறும் டேங்க் சத்தம். இதுக்கு ரிப்பேரு இல்ல, வேற போடவும் முடியாது. நெறைக்கணும். வயித்துக்கு நெறையச் சோறு, கொஞ்ச நாளு கட்டைய நீட்டிப் படுக்கணும். எப்பவும் கால் வாசியாவது உள்ள கெடக்கணும்.”

“அதை ஊர்ல வந்து சொல்லுங்கண்ணே.”

தாவீது சாலையைப் பார்த்தார். அவருடைய அக்கா மகளின் கல்யாணத்துக்கு ஊர்க் காரைத்தான் கேட்டிருந்தார். “நீயே சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

அவள் சொன்னாள். சாவடியில், பெண்கள் வழக்கமாக நிற்கிற தூணுக்கு இந்தப்பக்கம் வந்து நின்று சொன்னாள். புது பம்ப் வாங்குங்கள், இல்லையென்றால் அவருக்கு ஒரு மாதம் வேளைக்குச் சோறு போட்டு வீட்டில் விடுங்கள், இரண்டில் ஒன்று செய்யுங்கள் என்றாள்.

கூட்டம் அவளை மரியாதையாகக் கேட்டது. காசிமாயன் மரியாதையாகவே பதில் சொன்னார்.

“தாயி, நாங்க யாரும் அவனை ஏமாத்தல. போற போக்குக்குத் தக்கன, அவரவர் ஊத்த வேண்டியதை அவரவர் ஊத்திர்றோம். இப்ப நான் கூட ரெண்டு இட்லி போடுறேன்னு வையி. அந்தத் தெம்புல சவாரி போறது யாரு? அடுத்தவன். என்னோட இட்லியில அவன் எதுக்குப் போகணும்? அது நியாயமா?”

“நியாயமில்லதான்” என்று நான்கைந்து பேர் சொன்னார்கள்.

“அப்ப அவரு?” என்றாள் வேலுத்தாய்.

“அவன் ஏதாச்சும் சொன்னானா? ஏப்பா சன்னாசி, உனக்குக் குறை ஏதும் இருக்கா?”

சன்னாசி எழுந்து நின்றார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். “ஒண்ணுமில்லீங்க தலைவரே” என்றார். வேலுத்தாய் அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்க அந்தக் கொசுச் சத்தம் அவளுக்குப் பின்னால் வந்தது.

காசிமாயனின் பேரனுக்கு மலைக்கோவிலில் காது குத்தினார்கள். பெட்ரோலைச் சரியாக ஊற்றினார்கள். காரில் மாமன்மாரும் மாமன்மாரின் மனைவிமாரும் மடியில் குழந்தைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் நெருக்கியடித்து ஏறினார்கள், நடுவில் சன்னாசி செருகப்பட்டிருந்தார். நாக்குத்தள்ளி மேட்டில் முனகல் அறுந்தது, தட்டினார்கள். மறுபடி அறுந்தது, மறுபடி தட்டினார்கள், தாய்மாமனே தட்டினார். மலைப்பாதையின் கடைசி வளைவில் சன்னாசி யாரும் தட்டாமலே ஒரு நீளமான ‘ம்ம்ம்’ எடுத்தார், கார் ஒரே மூச்சில் கோவில் வாசலில் போய் நின்றது, “பாத்தியா, சாமி இழுத்துக்கிருச்சு” என்று எல்லோரும் சந்தோஷப்பட்டு இறங்கினார்கள். மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டி, சாப்பிட்டு, கை கழுவி, அவர்கள் வருவதற்கு வெகுநேரம் ஆனது. திரும்பும் வழி முழுக்க இறக்கம். இறக்கத்தில் வருவதற்குக் காருக்குப் பம்ப் தேவையில்லை. ஆகவே, திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா, நல்ல காரியத்தில் எதற்கு என்று பேசாமல் வந்தார்களா என்பதை யாராலும் சொல்ல முடியாது, யாரும் சொல்லவும் இல்லை. வீட்டு வாசலில் காரின் கதவைத் திறந்து வேலுத்தாய் அவர் கையைப் பிடித்தபோது, அது சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. சட்டைப்பையில் யாரோ வைத்த ஒரு வாழைப்பழம் இருந்தது.

ஊர் முழுக்க அழுதது. மனதாரத்தான் அழுதது. பாடைக்குப் பச்சை ஓலை எல்லா வீட்டிலிருந்தும் வந்தது, மாலை வந்தது, கோடித் துணி வந்தது, பாடையைத் தூக்கப் போட்டி இருந்தது. இந்த மனுசன் இல்லாமல் இனி எப்படி என்று பெண்கள் மாரடித்தார்கள். அந்தக் கேள்வியை ஆண்கள் வேறு விதமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிகிறவரை காத்திருந்தார்கள். நாகரிகம் தெரியாத ஊர் அல்ல அது. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் காசிமாயனும் குபேந்திரனும் இன்னும் சிலரும் வேலுத்தாயின் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டின் நிலைமையைக் கேட்டார்கள், கடலை வியாபாரத்தைக் கேட்டார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“எங்க சம்பந்தி ஊருக்குக் கெளம்புறாக. பஸ்ஸு வரைக்கும் விடணும். மேடுதான் அவுகளுக்கு ஆகாது... நீ அம்புட்டு வருசம் அவன்கூட இருந்தவ. ஒரு வாட்டி வந்து சும்மா உக்காந்து பாரேன் தாயி. இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்ல.”

வேலுத்தாய் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். “வர்றேன்” என்றாள்.

சாவடிக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. அவள் பின் கதவைத் திறந்து, அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். குபேந்திரன் சாவியைத் திருப்பினான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அவளுடைய விலாவுக்கு உள்ளே, ஆழத்தில், மாவு மில் கிளம்புவதுபோல, அது எழுந்தது. அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் பல்லைக் கடித்தாள், வயிற்றை எக்கினாள், இரண்டு கைகளாலும் விலாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழுந்துவரும் அதை, கொதிக்கிற சட்டியை மூடி போட்டு அழுத்துவதுபோல, மேலே வரவிடாமல் அழுத்தினாள். குபேந்திரன் மறுபடி திருப்பினான். இன்ஜின் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அவள் முகம் கறுத்து வியர்த்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்த வாரமே புது பம்ப் வந்தது. கூட்டம் போட்டதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், போகிறவர் போகாதவர் என்ற பேச்சே எழவில்லை. தாவீது இறங்கி வந்து மாட்டினார், வேலுத்தாயின் வீட்டுப் பக்கம் திரும்பாமலே மாட்டினார். ஊசி ஏறி நின்றது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பினார்கள். யாருடைய கால் டேங்க் என்று யாரும் கேட்கவில்லை. காருக்குச் சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, சன்னாசியின் படம் கிடைக்காததால் அவர் பெயரை மட்டும் பின் கண்ணாடியில் பெயிண்டால் எழுதினார்கள்.

குபேந்திரன் தேங்காய்ச் சில்லை வேலுத்தாயிடம் கொண்டுவந்து கொடுத்தான். அவன் கெட்டவன் அல்ல, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

“இம்புட்டுச் சுளுவா முடியும்னு தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்தியிருக்கலாம்ல மதினி” என்றான்.

அவள் தேங்காய்ச் சில்லை வாங்கி வாசற்படியில் வைத்தாள். உள்ளே போனாள். மாற்றுச் சேலைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, கதவைச் சாத்தி, பூட்டாமல், தங்கை இருக்கும் ஊருக்குப் பஸ் பிடிக்க மேட்டை நோக்கி நடந்தாள்.

பாதி மேட்டில் பின்னாலிருந்து கார் வந்தது. முதல் சவாரிக்குத் தலைவரும் இன்னும் சிலரும் கிளம்பியிருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தச் சொன்னார் காசிமாயன். குபேந்திரன் இன்ஜினை அணைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, “ஏறுங்க மதினி, மேல விட்டுர்றோம், எடம் இருக்கு” என்றான்.

அவள் நிற்கவில்லை, திரும்பவில்லை. விலாவை இறுக்கிப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்தாள். ‘ம்ம்ம்’ என்று அது வெளியே வந்தது. ஆழமாக, நிறைந்து, தட்ட வேண்டிய தேவையே இல்லாமல் வந்து, அவள் கால்களை மேட்டில் தூக்கி வைத்தது. அவள் ஓடவில்லை, ஆனால் நாக்குத்தள்ளி மேட்டில் அந்த வேகத்தில் யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

காருக்குள் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, “புது பம்பு என்னமாப் பாடுது” என்று தலையாட்டினார்கள். பிறகு குபேந்திரன் சாவியைப் பார்த்தான். சாவி அணைந்த பக்கம் திரும்பியிருந்தது. அவன் மெல்லத் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தான், எல்லோரும் பார்த்தார்கள்.

“யோவ், இறங்கி ஓடுய்யா” என்றார் காசிமாயன். “கூப்பிடு அவளை.”

“புதுசுதான் போட்டாச்சே தலைவரே.”

“அது எத்தனை நாளைக்கு வரும்? கூப்பிடுய்யா!”

காரையே கிளப்பிப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, குபேந்திரன் இறங்கி ஓடினான். மிச்ச ஏற்றத்தில் பாதி ஏறியதும் நாக்கு வெளியே தள்ளிவிட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உச்சியில் பஸ் வந்து நிற்கும் சத்தமும், கதவு சாத்துகிற சத்தமும், பஸ் கிளம்புகிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. அதற்குப் பிறகு மேட்டில் ஒரு சத்தமும் இல்லை.